ஒரு ஸ்டூலுக்காகவா இவ்வளவு சத்தம்?

2024 ஜூலை 14, ஞாயிறு காலை. கேள்வி: கரூர்க்காரர்

நேற்று மகளுக்குத் துணி எடுக்க ஒரு பெரிய கடைக்குப் போனோம். ஒரு பெண் நின்றபடியே நாற்பது சுடிதார் எடுத்துக் காட்டியது. பக்கத்துச் சுவரோரம் ஒரு ஸ்டூல் கிடந்தது, அதன் மேல் துணிக்கட்டு. 2021-ல் கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமைச் சட்டம் வந்தபோது என்ன ஆர்ப்பாட்டம் பண்ணினீர்கள்! எனக்கும் சின்னதாகத் தறி உண்டு, ஆறு பேர் வேலை பார்க்கிறார்கள், அதனால் கேட்கிறேன். கூலி கூடினால் மற்றதெல்லாம் தானாக வரும். கூலியைக் கேட்காமல் ஸ்டூல் கேட்பது, பசிக்கிறவன் இலையைப் பெரிதாகப் போடச் சொன்ன கதை. இதனால் ஒரு தொழிலாளியின் பொருளாதாரம் மாறியதா? மாறியது என்றால் எப்படி?

ஜூலை 14, இரவு 10.40

தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் 2007 முதல் 2016 வரை நின்றவள் நான். வேலை பார்த்தவள் என்று எழுத வேண்டும், கை "நின்றவள்" என்றுதான் அடிக்கிறது. இருக்கட்டும்.

காலை ஒன்பதரைக்கு ஏறினால் இரவு ஒன்பதரை. நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி, டீக்குக் கால் மணி. பண்டிகை சீசனில் பதினொன்று ஆகும். முதல் மாசம் இடது காலைத் தூக்கி வலது கணுக்காலில் வைத்துக் கொக்கு மாதிரி நிற்கப் பழகினேன். ரெண்டாவது மாசம் கீழ்த்தட்டு அடுக்குகிற வேலையைச் சண்டை போட்டு வாங்கினேன், ஏனென்றால் கீழ்த்தட்டு அடுக்க மண்டி போட வேண்டும். மண்டி போட்டால் பாதி உட்கார்ந்த மாதிரி. குண்டூசி கீழே விழுந்தால் அதைத் தேடுவதற்கு எங்களுக்குள் போட்டி நடக்கும். விழாத குண்டூசியையும் தேடியிருக்கிறோம்.

பொருளாதாரம் மாறியதா என்று நீங்கள் கேட்டதற்கு இன்னும் பதில் சொல்லவில்லை என்று தெரியும். இந்தியாவிலேயே முதல்முறையாக இப்படி ஒரு சட்டம் வந்தது, அதை இலை என்று சொல்லிவிட்டீர்களே என்ற கோபத்தில் எழுதுகிறேன். நாளைக்கு யோசித்து எழுதுகிறேன்.

ஜூலை 15, காலை

திருத்தம். முதல்முறை இல்லை. கேரளாவில் 2018-லேயே அவசரச் சட்டமாக வந்துவிட்டது, நாம் ரெண்டாவது. கோபத்தில் தட்டினால் இப்படித்தான்.

ஜூலை 17, ஆடி 1

கடைகளில் தள்ளுபடி தொடங்கியிருக்கும். வாசல் திறக்கும் முன்னால் வரிசை நிற்கும். உள்ளே எங்கள் வரிசை, வெளியே உங்கள் வரிசை. உங்கள் வரிசை மதியம் கலைந்துவிடும்.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று ஒருவர் கேட்டிருந்தார். தனிச் சட்டம் எதுவும் இல்லை. 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 2019 செப்டம்பரிலேயே மாநிலத் தொழிலாளர் ஆலோசனைக் குழுவில் ஒத்துக்கொண்ட விஷயம். 2021 செப்டம்பர் 6-ல் தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் சட்டமன்றத்தில் மசோதாவைக் கொண்டுவந்தார். உள்ளடக்கம் இவ்வளவுதான்: எல்லாப் பணியாளர்களுக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும். வேலைக்கு இடையில் உட்கார வாய்ப்பு அமைந்தால் அவர்கள் அதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். நாள் முழுக்கக் காலிலேயே நிற்கும் நிலை கூடாது.

"வாய்ப்பு அமைந்தால்" என்ற இடத்தைப் பாருங்கள். வாய்ப்பு அமைந்ததா என்று யார் சொல்வது? நானா, சூப்பர்வைசரா, கேமரா ரூமில் இருக்கிறவரா? ஆள் இல்லாத செவ்வாய்க்கிழமை மதியம் மூணு மணிக்கு எங்கள் செக்‌ஷனில் ஈ பறக்கும். அப்போதும் மைக்கில் குரல் வரும்: "சுடிதார் செக்‌ஷன், மடிப்புக் கலைஞ்சிருக்கு பாருங்க." மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிப்போம். முதலாளி கண்ணில் சும்மா நிற்பதே குற்றம், இதில் எங்கே உட்காருவது.

ஆலைக்காரர்களுக்கு இதே வாசகம் 1948-லேயே கிடைத்துவிட்டது என்பது எனக்குப் பின்னாளில் தெரிந்தது. தொழிற்சாலைச் சட்டம், பிரிவு 44. நின்று வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார ஏற்பாடு, ஓய்வு வாய்ப்பு வரும்போது பயன்படுத்திக்கொள்ள. ஏறத்தாழ அதே சொற்கள். கடைக்கு வந்து சேர 73 வருஷம். ஆலையில் சங்கம் இருந்தது. கடையில் நாங்கள் இருந்தோம்: பத்தொன்பது வயசு, நாங்குநேரி, சாத்தான்குளம் பக்கத்துப் பிள்ளைகள், ஹாஸ்டல் பெட்டி, கல்யாணத்துக்குப் பவுன் சேர்க்கிற கணக்கு.

ஜூலை 21

ரெண்டு நாளாக ஒன்று மனசில் ஓடுகிறது. ஜவுளி விற்பது பழைய காலத்தில் உட்கார்ந்து செய்கிற தொழில்தானே? என் தாத்தா காலத்துக் கடை எனக்கு மங்கலாக ஞாபகம் இருக்கிறது. உயரமான திண்ணை போல மேடை, மேலே வெள்ளை விரிப்பு, திண்டு, ஓரத்தில் கல்லாப்பெட்டி. விற்கிறவரும் சம்மணம் போட்டிருப்பார், வாங்க வந்த ஆச்சியும் சம்மணம் போட்டிருப்பாள். சேலை ஒவ்வொன்றாக மடியில் வந்து விழும். பட்டுக்கடைகள் சிலவற்றில் இன்றைக்கும் அப்படி உட்கார வைத்துக் காட்டுவதுண்டு. ஷோரூம், கவுன்ட்டர், கண்ணாடி, ஏசி வந்த பிறகு எழுந்து நிற்கச் சொல்லிவிட்டார்கள். ஆண்கள் விற்றவரைக்கும் திண்டு இருந்தது, பெண்பிள்ளைகளைக் குறைந்த சம்பளத்துக்கு எடுத்ததும் திண்டு போய்விட்டது. இதுதான் என் கட்சி.

ஜூலை 22

கட்சி ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. விருதுநகரில் மூணு தலைமுறையாகக் கடைச் சிப்பந்தி வேலை பார்க்கும் குடும்பத்துக்காரர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "மேடையில் உட்கார்ந்தது முதலாளியும் கணக்கப்பிள்ளையும். உள்ளே போய்ச் சேலைக்கட்டைத் தூக்கிக்கொண்டு வந்த பையன் நின்றான். அந்தப் பையன் என் அப்பா. உங்கள் தாத்தா வாங்க வந்தவர், அவர் கண்ணுக்கு உட்கார்ந்திருந்தவன் மட்டும் தெரிந்திருப்பான்."

வாயடைத்துவிட்டேன். அந்தப் பையனை நானும் பார்த்திருப்பேன்தான். மேடைக்குப் பின்னால் இருட்டில் ஒரு கதவு இருந்தது, அதிலிருந்து கைகள் வந்தன. அந்தக் கைக்குக் கால் உண்டு என்று நினைத்ததே இல்லை. பெண்கள் வந்ததால் திண்டு போனது என்பதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நின்றவர்களின் எண்ணிக்கை கூடியது, மேடை முதலாளியின் ஏசி அறைக்குள் போனது. அவ்வளவுதான்.

ஜூலை 28

கோழிக்கோடு பற்றி எழுதச் சொல்லி ரெண்டு பேர் கேட்டார்கள். நான் போனதில்லை, சங்கத்து அக்காக்கள் சொல்லியும் பேட்டிகள் படித்தும் தெரிந்ததுதான்.

அங்கே மிட்டாய்த் தெரு என்று ஒரு கடைவீதி. நம் ரங்கநாதன் தெருவுக்குத் தங்கை. அங்கே தையல் வேலை பார்த்த பி.விஜி என்பவர் கடைப் பெண்களைச் சேர்த்து 2009-ல் 'பெண்கூட்டு' என்று ஆரம்பித்தார். முதலில் கேட்டது ஸ்டூலும் இல்லை, கூலியும் இல்லை. மூத்திரம் போக ஓர் இடம். கடையில் கழிப்பறை கிடையாது, அதனால் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். பெரிய சங்கங்கள் இந்தப் பெண்களுக்கு இடம் கொடுக்கவில்லை என்று விஜி பல இடங்களில் சொல்லியிருக்கிறார். அதனால் தாங்களே ஒரு தொழிற்சங்கம் கட்டினார்கள். அதன் பிறகுதான் 'இரிப்பு சமரம்', உட்காருவதற்கான போராட்டம். திருச்சூரில் ஒரு பெரிய சேலைக்கடையில் ஆறு பெண்கள் 2014 டிசம்பர் கடைசியில் கடைக்கு வெளியே உட்கார்ந்தார்கள், நூறு நாளுக்கு மேல் போனது. இதெல்லாம் சேர்ந்து 2018-ல் சட்டமாயிற்று. அந்த வருஷம் பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் விஜி பெயர் வந்தது.

கடைக்குள் உட்கார வேண்டும் என்று கேட்பதற்குக் கடைக்கு வெளியே நூறு நாள் உட்கார வேண்டியிருந்தது.

கழிப்பறை என்றதும் எங்கள் கடை அட்டை ஞாபகம் வருகிறது. செக்‌ஷனுக்கு ஒரு அட்டை, ஆணியில் தொங்கும். அட்டை இருந்தால் போகலாம். ஒருத்தி எடுத்துக்கொண்டு போய்விட்டால் மற்ற பதினொரு பேரும் அவள் வரும்வரை காத்திருக்க வேண்டும். போனவளோ உள்ளே உட்கார்ந்து கால் நீட்டிவிட்டுத்தான் வருவாள். எங்கள் கடையில் சட்டப்படி கிடைத்த ஒரே இருக்கை அதுதான்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

இன்றைக்கு மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி நடந்தவர்கள் யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள்: எத்தனை கடையில் ஸ்டூல், எத்தனை ஸ்டூலில் ஆள்?

ஆகஸ்ட் 4

வந்த பதில்கள்: "ஸ்டூல் நான்கு, நான்கிலும் கட்டைப்பை." "ஸ்டூல் ஒன்று, அதில் வாடிக்கையாளரின் மாமனார்." "ஸ்டூல் இருந்தது, நாங்களே எடுத்து உட்கார்ந்துவிட்டோம், மன்னிக்கவும்." கடைசியாக எழுதியவருக்கு மன்னிப்பு உண்டு.

ஆகஸ்ட் 11

கரூர்க்காரர் திரும்ப வந்து, "இதெல்லாம் வெள்ளைக்காரனிடம் கற்றுக்கொண்ட புதுப் பாஷை" என்கிறார். புதுசா? இங்கிலாந்தில் 1899-லேயே கடைப் பெண்களுக்கு இருக்கைச் சட்டம் வந்தது. மூணு பெண்ணுக்கு ஒரு இருக்கை வீதம். ("மியூசிக்கல் சேர்" என்று ஒரு தம்பி சிரிக்கிறான். சிரிக்கலாம்தான்.)

அதைவிட எனக்குப் பொறி தட்டியது வேறு. அந்தக் காலத்து லண்டன் கடை ஊழியர்களைக் கடைக்காரரே தங்க வைப்பாராம். கூட்டமாகப் படுக்கை, சாப்பாடு கடையோடது, அதைச் சம்பளத்தில் கழிப்பார்கள், ராத்திரி இத்தனை மணிக்குக் கதவு பூட்டு, தொட்டதற்கெல்லாம் அபராதம். அப்படி ஒரு கடைப்பெண்ணாக இருந்து சங்கத்துக்கு வந்த மார்கரெட் பாண்ட்ஃபீல்டு 1929-ல் பிரிட்டனின் முதல் பெண் கேபினட் அமைச்சர் ஆனார். படித்தபோது எனக்கு லண்டன் தெரியவில்லை. எங்கள் ஹாஸ்டல் தெரிந்தது: ஒரு அறைக்குப் பதினாலு பேர், தலைமாட்டில் தகரப்பெட்டி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் முட்டை, ஒன்பதே முக்காலுக்குப் பூட்டு. பத்து மணிக்குக் கடை முடிகிற நாளில் பூட்டையும் அவர்களே திறந்து விடுவார்கள், அதையும் சொல்லிவிட வேண்டும்.

ஹாஸ்டலைத் திட்டி எழுத உட்கார்ந்தால் பாதிதான் திட்ட வருகிறது. ஊரில் பீடி சுற்றுவதைவிட அங்கே சிரித்தோம். ராத்திரி பதினோரு மணிக்கு ஒருத்தி காலை இன்னொருத்தி மடியில் போட்டு எண்ணெய் தேய்த்து நீவிவிடுவாள். சங்கம் என்ற சொல் தெரியாத காலத்து எங்கள் சங்கம் அது.

ஆகஸ்ட் 18

கரூர்க்காரர் கேட்டதற்கு ஒரு மாசம் கழித்துப் பதில். கணக்குப் போட்டுத்தான் எழுதுகிறேன்.

2007-ல் என் முதல் சம்பளம் சாப்பாடு, தங்குமிடம் போக 2,800. அடுத்த வருஷம் 300 கூடியது. குதித்தேன். 2012-ல் முழங்காலுக்குக் கீழே நரம்பு பச்சையாகச் சுருண்டு புடைக்க ஆரம்பித்தது. எங்கள் ஹாலில் அது இல்லாத அக்கா யாரும் இல்லை. 'கடைக்கால்' என்று பேர் வைத்திருந்தோம். இறுக்கமான காலுறை போடச் சொன்னார் டாக்டர். ஒரு ஜோடி என் கூடுதல் சம்பளத்தை நான்கைந்து மாசத்துக்குத் தின்றது. அப்புறம் அரசு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன், இருபது நாள் படுக்கை. இருபது நாளும் சம்பளம் இல்லை. ஐந்து வருஷத்தில் கூடின கூலி காலில் போய்விட்டது. நின்றதற்குக் கூலி வாங்கி, அதை நின்றதற்கே செலவழித்தேன்.

ஈ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு இருந்திருந்தால் வைத்தியமும் கிடைத்திருக்கும், படுத்த நாளுக்குப் பணமும் வந்திருக்கும். இன்றைய கணக்கில் மாசம் 21,000 வரை வாங்குகிறவர்களுக்கு அது உண்டு. தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். 12,000 சம்பளக்காரிக்கு அவள் பங்கு 90 ரூபாய், முதலாளி பங்கு 390. இந்த 390 ரூபாயை மிச்சம் பிடிக்கத்தான் எங்களில் பாதிப் பேருடைய பெயர் பதிவேட்டில் ஏறவே இல்லை.

பெயரே பதிவேட்டில் இல்லாதவள் கூலி உயர்வு கேட்க முடியாது, கரூர்க்காரரே. யார் நீ என்பார்கள். ஸ்டூல் கேட்கலாம், அது கண்ணுக்குத் தெரிகிற பொருள். "எத்தனை பேருக்கு எத்தனை ஸ்டூல்?" என்று ஆய்வாளர் கேட்டால், முதலில் எத்தனை பேர் என்று சொல்ல வேண்டி வரும். ஸ்டூலை எண்ண வந்தவர் தலையை எண்ண வேண்டியதாகிறது. நாங்கள் இப்படித் திட்டம் போட்டுக் கேட்கவில்லை, கால் வலித்ததால் கேட்டோம். ஆனால் நடந்தது இதுதான்.

பெரம்பூர் ஆலைக்காரர்கள் 1918 ஏப்ரல் 27-ல் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டியபோது அவர்களுடைய முதல் குறைகளில் ஒன்று சாப்பாட்டு இடைவேளை போதவில்லை என்பது. இன்னும் பத்து நிமிஷம் கூடுதலாகச் சோறு தின்ன விடு என்று ஆரம்பித்ததுதான்.

உங்கள் பக்கம் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். ஸ்டூல் வந்த கடையில் கூலி தானாகக் கூடிவிடவில்லை. சில இடத்தில் "ஸ்டூல் கொடுத்தாச்சு, இன்னும் என்ன?" என்று அதைக் காட்டியே வாயை அடைக்கிறார்கள். நீங்கள் சொன்ன இலை அங்கே நிஜம்.

செப்டம்பர் 1

முன்னாடி எழுதியதை எல்லாம் மறுபடி வாசித்தேன். வாசிக்கிறவருக்கு நான் ஒன்பது வருஷமும் நின்றுகொண்டே இருந்த மாதிரித் தோன்றும். ஒன்றை விட்டுவிட்டு எழுதியிருக்கிறேன்.

2014-ல் என்னை ஃப்ளோர் இன்சார்ஜ் ஆக்கினார்கள். பதினொரு மாசம். சம்பளம் 1,500 கூடுதல், தனி நிறத்தில் சேலை, கையில் வாக்கி டாக்கி. என்னை ஏன் எடுத்தார்கள்? ஆபரேஷன் ஆன கால், இனி அதிகம் நிற்க முடியாது, நடந்துகொண்டே இருக்கிற வேலை கொடுத்தால் பரவாயில்லை என்று இரக்கப்பட்டதாக அப்போது நினைத்தேன். எந்தெந்த மூலையில் எப்படி ஒளிந்து உட்காருவார்கள் என்று எனக்குத்தான் தெரியும், அதனால் எடுத்தார்கள் என்று இப்போது தோன்றுகிறது. கீழ்த்தட்டு, ட்ரையல் ரூம், குண்டூசி, எல்லாம் நான் கண்டுபிடித்த வித்தைகள்.

அந்த வருஷம் தீபாவளிக்கு முந்தின வாரம். புதுசாகச் சேர்ந்த பிள்ளை ஒருத்தி, பதினெட்டு வயசு இருக்கும், லைனிங் துணிக்கட்டு மேல் உட்கார்ந்து கண்ணை மூடியிருந்தாள். மாதவிலக்கு நாள் அவளுக்கு, எனக்கும் தெரியும். பின்னாலிருந்து கேமரா பார்க்கிறது என்பதும் தெரியும். "எந்திரிட்டி" என்றேன். "ரெண்டு நிமிசம்க்கா" என்றாள். ஐம்பது ரூபாய் அபராதம் எழுதினேன். என் கையெழுத்து.

அவள் அழுதிருந்தால் மறந்திருப்பேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் என் காலைப் பார்த்தாள்.

செப்டம்பர் 2

ஆறுதல் சொன்னவர்களுக்கு: வேண்டாம். "நீங்களும் பலியாடுதான்" என்று எழுதியவருக்கு: பலியாட்டுக்கு 1,500 ரூபாய் கூடுதலாகக் கொடுப்பதில்லை.

செப்டம்பர் 22

மனுவின் கதை.

2016-ல் வெளியே வந்து தையல் மிஷின் போட்டேன். (இப்போது நாள் பூரா உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு போய்விட்டது. எழுந்து நிற்கும் உரிமைக்கு யாராவது மசோதா கொண்டுவந்தால் முதல் கையெழுத்து என்னுடையது.) வார விடுமுறை நாளில் கடைப் பெண்கள் பனகல் பூங்காவில் கூடுவார்கள், சங்கத்து அக்காக்கள் வருவார்கள், நானும் போவேன். சட்டம் வந்தபிறகு நோட்டீஸ் அச்சடித்துக் கொடுத்தோம். கடை வாசலில் கொடுத்தால் வாங்க மாட்டார்கள், வாட்ச்மேன் பார்ப்பார். ஹாஸ்டல் பக்கத்துப் பூக்காரம்மா பூவோடு சேர்த்துச் சுற்றிக் கொடுத்தாள். அவளுக்கு நாங்கள் எதுவும் கொடுக்கவில்லை. "எம் மவளும் அங்கனதான் நிக்கா" என்றாள்.

2022-ல் நான் இருந்த அதே கடையில் மனு எழுதினார்கள். யார் முதலில் கையெழுத்துப் போடுவது? முதல் பெயர் யாருடையதோ அவள் மறுநாள் வேலைக்கு இல்லை. ரெண்டு வாரம் இதிலேயே போயிற்று. ஹாஸ்டல் பிள்ளை ஒருத்தி சோற்றுத் தட்டைத் தாளில் கவிழ்த்து வைத்து வட்டம் போட்டாள். வட்டத்தைச் சுற்றிக் கையெழுத்து. முதலும் இல்லை, கடைசியும் இல்லை. 41 பேர். கொஞ்சம் பேர் வட்டம் நிரம்பியதும் உள்ளே ரெண்டாவது சுற்றில் போட்டார்கள், தாள் பார்க்க ரங்கோலி மாதிரி இருந்தது. தொழிலாளர் உதவி ஆய்வாளர் அலுவலகத்தில் அதை வாங்கினவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஆய்வு வந்தது. வருவதற்கு முந்தின நாளே கடையில் பிளாஸ்டிக் ஸ்டூல் வந்து இறங்கிவிட்டது, எப்படித் தெரிந்ததோ. அவசரத்தில் உறையைக்கூடக் கிழிக்கவில்லை. ஆய்வாளர் போனதும் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி மாடிப்படிக்குக் கீழே போட்டுவிட்டார்கள். அந்தப் பிள்ளைகள் என்ன செய்தார்கள் தெரியுமா? சண்டை போடவில்லை. காலையில் பெருக்கும் நேரத்தில் ஆளுக்கு ஒன்றாக எடுத்துவந்து செக்‌ஷனில் போட்டார்கள். இரவு எடுத்து அடுக்குவான் கடைப்பையன், காலையில் மறுபடி எடுத்துவருவார்கள். மூணு வாரம். பையன்தான் முதலில் களைத்தான்.

உட்கார்ந்தார்களா என்றால், ஒரே நேரத்தில் எல்லோரும் உட்கார்ந்த நாளில் யாருக்கும் அபராதம் எழுத முடியவில்லை. ஒருத்தி மட்டும் உட்கார்ந்த நாளில் எழுதினார்கள்.

செப்டம்பர் 23

"41 பேரில் எத்தனை பேர் இன்னும் அங்கே?" என்று கேட்டது கரூர்க்காரர். நியாயமான கேள்வி. பாதிக்கும் கீழே. கல்யாணம், வேறு கடை, ஊர். ரெண்டு பேரைக் காரணம் சொல்லாமல் நிறுத்தினார்கள். அவர்களில் ஒருத்திக்கு வேலை கிடைக்க நான்கு மாசம் ஆனது. வெற்றி என்று எழுதும்போது இந்த ரெண்டு பேரையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும், நேற்று எழுதாமல் விட்டேன்.

அக்டோபர் 20

பண்டிகை சீசன். பேச்சு பன்னிரண்டு மணி நேர வேலைக்குப் போய்விட்டது. போகட்டும். 2023 ஏப்ரல் 21-ல் தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் சட்டமன்றத்தில் நிறைவேறியது, நாளுக்குப் பன்னிரண்டு மணி வரை வேலை வாங்க வழி செய்கிற மசோதா. எல்லாக் கட்சிச் சங்கங்களும் எழுந்தன, ஆளும் கட்சிச் சங்கமும் சேர்த்து. மூணு நாளில் நிறுத்தி வைத்தார்கள், மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார்.

அந்தப் பத்து நாளும் ஹாஸ்டலில் பிள்ளைகள் செய்தியைப் பார்த்துச் சிரித்தார்களாம். "பன்னெண்டு மணி நேரமா? அதுக்கா இவ்வளவு சண்டை? நாம எத்தனை வருசமா பாக்கோம்!" கடைச் சட்டத்தில் எங்களுக்கும் நாளுக்கு எட்டு, வாரத்துக்கு நாற்பத்தெட்டு என்றுதான் இருக்கிறது. கூடுதலாகப் பார்த்தால் இரட்டைக் கூலி என்று இருக்கிறது. கடைகள் 24 மணி நேரமும் திறக்கலாம் என்று 2019-ல் அரசாணை போட்டபோதும் ஒரு ஆளுக்கு எட்டு மணி என்ற நிபந்தனையோடுதான் போட்டார்கள். ஆலைக்கு மசோதாவாக வந்து தோற்றுப்போனது, எங்களுக்கு மசோதா இல்லாமலே நடக்கிறது.

அதனால் இந்த வருஷப் பேச்சு ஸ்டூல் இல்லை. கையில் ஒரு சின்ன நோட்டு வைத்து ஏறும் நேரம், இறங்கும் நேரம் எழுதுங்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். நாற்பது நோட்டில் ஒரே நேரம் எழுதியிருந்தால் அதுவே பதிவேடு. கரூர்க்காரர் சந்தோஷப்படலாம், கூலிக்கு வந்துவிட்டோம்.

அக்டோபர் 21

அவர் சந்தோஷப்படவில்லை. "என் தறியில் ஆறு பேருக்கும் நோட்டு கொடுத்துவிடாதீர்கள்" என்று எழுதியிருக்கிறார். கூடவே, நெசவுக்குப் பலகை போட்டிருப்பதாகவும் ஆனால் நூல் சுற்றுகிற அம்மா நின்றுகொண்டே சுற்றுவதை நேற்றுத்தான் கவனித்ததாகவும். ஒரு ஸ்டூல் என்ன விலை, கரூர்க்காரரே? நானே அனுப்புகிறேன்.

நவம்பர் 3

தீபாவளி முடிந்து மூணாம் நாள். கடைப் பிள்ளைகள் தூங்கி எழுகிற ஞாயிறு. காலையில் போன் வந்தது. தட்டைக் கவிழ்த்து வட்டம் போட்ட பிள்ளை. இப்போது அவள்தான் அந்த ஹாலில் மூத்தவள், பத்து வருஷம் ஆகிறது. நோட்டு இருபத்தேழு சேர்ந்திருக்கிறதாம், ரெண்டு நனைந்துவிட்டதாம்.

செப்டம்பர் 1-ல் எழுதினேனே, துணிக்கட்டு மேல் கண்ணை மூடியிருந்த பிள்ளை. இவள்தான் அவள். மனு நேரத்தில் பூங்காவில் பார்த்தபோதே எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும். ரெண்டு வருஷமாக நாங்கள் அதைப் பேசியதே இல்லை. இன்றைக்குப் பேச்சு முடியப் போகும்போது, "நீங்க எழுதினத ஒருத்தி வாசிச்சுக் காட்டுனா" என்றாள். அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் குக்கர் விசில் கேட்டது.

வைத்துவிட்டு போனிலேயே ஐம்பது ரூபாய் அனுப்பினேன். குறிப்பு போடச் சொல்லிக் கேட்டது, என்ன எழுதுவது என்று தெரியாமல் "லைனிங்" என்று போட்டேன்.

பத்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது: "பத்து வருச வட்டி எங்கக்கா?"